புகைபோக்கி இடம் பெயர்ந்தால் புகை ஒழியுமா?

நகரங்களைக் கரிப்புகையினின்று மீட்க வேண்டும் என்னும் பேச்சு இப்போது உலகமெங்கும் பலமாகக் கேட்கிறது. மந்திரிகள் பேசுகிறார்கள், நகரசபைகள் தீர்மானம் செய்கின்றன, பெரிய முதலாளிகள்கூடத் தங்கள் விளம்பரங்களில் ஒரு பச்சை இலையை வரைந்துகொள்கிறார்கள். பேச்சு நல்ல பேச்சுத்தான். ஆனால் பேச்சோடு நில்லாமல், பல டஜன் நகரங்களில் இதைப் பரீக்ஷித்துப் பார்க்கத் துணிந்த தேசம் சீனம். அப்பரீக்ஷை 2010-ஆம் வருஷத்தில் தொடங்கியது. அதன் பலாபலன்களை நிதானமாக எடைபோடுவது நம்மவர்க்குப் பிரயோஜனமான காரியம் என்று நாம் கருதுகிறோம். சீனத்தின் அரசியல் முறை நமக்கு உடன்பாடா, இல்லையா என்பது வேறு விஷயம். அதை இங்கே நாம் எடுத்துக்கொள்ளப் போவதில்லை.

அந்த வருஷம் ஜூலை மாதத்தில் சீனத்தின் தேசிய வளர்ச்சிச் சீர்திருத்தக் கமிஷன் 5 மாகாணங்களையும் 8 நகரங்களையும் பொறுக்கியெடுத்துக் 'குறைகரி' மாகாணங்கள், 'குறைகரி' நகரங்கள் என்று பெயர் சூட்டிற்று. கரியமில வாயுவைக் குறைவாக வெளியிட்டுக்கொண்டே வளர வேண்டியவை என்பது பொருள். 2012-இல் பெய்ஜிங், ஷாங்காய் முதலியன இரண்டாம் தவணையாகவும், 2017-இல் மேலும் 45 நகரங்கள் மூன்றாம் தவணையாகவும் சேர்ந்தன. பெயர் பெற்ற நகரம் தன் எல்லைக்குள் எவ்வளவு கரியமில வாயு வெளிப்படுகிறது என்று கணக்கெடுக்க வேண்டும். அதைக் குறைக்க ஒரு திட்டம் வகுத்து அனுப்ப வேண்டும். தொழிலிலும் கட்டடத்திலும் போக்குவரத்திலும் அதற்கேற்ற மாறுதல்களைச் செய்ய வேண்டும். எப்படிச் செய்வது என்பது பெரும்பாலும் அந்தந்த நகரத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. பட்டத்தோடு பணமூட்டை எதுவும் கூட வரவில்லை.

இவ்வாறு பெயர் சூட்டியதால் நகரங்கள் உண்மையில் திருந்தினவா? இதை அளப்பதற்கு அறிஞர்கள் 'சுற்றுச்சூழல் திறன்' என்ற ஓர் அளவுகோலைக் கையாளுகிறார்கள். பெயரைக் கண்டு நேயர்கள் மிரள வேண்டியதில்லை. நம் வீட்டுப் பெண்மக்களுக்கு நெடுங்காலமாகத் தெரிந்த கணக்குத்தான் அது. கொஞ்ச விறகில் நிறையச் சோறு பொங்கி, அடுக்களையில் புகையும் மண்டாதிருந்தால் அது நல்ல அடுப்பு. விறகு அதிகம் பிடித்து, கண்ணையும் கரிக்கச் செய்தால் அது கெட்ட அடுப்பு. நகரத்தையும் அப்படியே ஓர் அடுப்பாகப் பாவித்து, உள்ளே போகும் உழைப்பு, மூலதனம், நிலக்கரி, மின்சாரம் ஆகியவற்றையும், வெளியே வரும் சரக்கையும் புகையையும் கழிவு நீரையும் ஒருசேர எடைபோடுகிறார்கள். பிறகு, பட்டம் பெற்ற நகரங்களையும் பெறாத நகரங்களையும், பட்டத்துக்கு முன்னும் பின்னுமாக ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள்.

இத்தகைய ஆராய்ச்சிகள் ஏராளமாக வெளிவந்திருக்கின்றன. பெரும்பாலானவை சொல்லும் முடிவு ஒன்றே: பட்டம் பெற்ற நகரங்களின் திறன் ஓரளவு உயர்ந்திருக்கிறது, கடற்கரையை அடுத்த செல்வ நகரங்களில் நன்றாகவும், சுரங்கத்தையும் கனரகத் தொழிலையும் நம்பிப் பிழைக்கும் நகரங்களில் மங்கலாகவும் உயர்ந்திருக்கிறது. புதிய யந்திர நுட்பங்கள் பரவியதும், புகை கக்கும் தொழில்கள் குறைந்ததுமே இதற்குக் காரணம் என்கிறார்கள். இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு விஷயங்களை மறந்துவிடலாகாது. நகரங்களைக் குலுக்குச் சீட்டுப் போட்டு எடுக்கவில்லை. முன்னமேயே ஆர்வமும் வசதியும் காட்டிய நகரங்களே பலவும் பட்டம் பெற்றன. நன்றாகப் படிக்கும் பையனைப் பொறுக்கியெடுத்து ஒரு வாத்தியாரிடம் விட்டுவிட்டு, அவன் பரீக்ஷையில் தேறியதற்கு வாத்தியாரையே முழுதும் புகழ்வது நியாயமாகாது. இரண்டாவது விஷயம் இதைவிடப் பெரிது. "புகை கக்கும் தொழில்கள் குறைந்தன" என்கிறார்களே, அவை எங்கே போயின?

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். முதல் தவணையில் பட்டம் பெற்ற ஷென்ஜென் நகரத்தைப் பாருங்கள். ஹாங்காங்குக்கு எதிர்க்கரையில், 1980-ஆம் வருஷம் விசேஷப் பொருளாதார வட்டாரமாக அறிவிக்கப்பட்ட அந்த ஊரில் 2020-ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கின்படி 1 கோடியே 75 லட்சம் பேர் வசிக்கிறார்கள். 2017-ஆம் வருஷ முடிவில் அந்நகரத்தில் ஓடிய 16,359 பஸ்களும், ஒன்று பாக்கியில்லாமல், மின்சார பஸ்களாக மாறிவிட்டன. சென்னை மாநகரில் ஓடும் பஸ்களைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு இது. டாக்ஸிகளும் அடுத்த வருஷத்துக்குள் அநேகமாக மாறின. இது சும்மா நடந்துவிடவில்லை. மின்சார பஸ்ஸின் விலை டீஸல் பஸ்ஸின் விலையைவிட மிகவும் அதிகம். அதில் பாதிக்கு மேற்பட்ட தொகையை மத்திய சர்க்காரும் நகர நிர்வாகமும் மானியமாகக் கொடுத்தன. பஸ்ஸையும் மின்கலத்தையும் செய்யும் பி.ஒய்.டி. கம்பெனியும் அதே ஊரில் 1995-இல் தோன்றி வளர்ந்தது. ஊர்ப்பணம் ஊர்த்தொழிலுக்கே உரமாயிற்று. தெருவில் டீஸல் நாற்றம் குறைந்தது, சத்தம் அடங்கியது. கரியமில வாயுவை வெளியிடும் உரிமையை ஆலைகள் தங்களுக்குள் வாங்கி விற்கும் சந்தையைச் சீனத்தில் முதன்முதலாக, 2013-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், திறந்ததும் ஷென்ஜென்தான்.

பஸ் ஓடும் மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலும் ஷென்ஜெனுக்குச் சொல்ல ஓரளவு பதில் உண்டு. அதன் கடற்கரையில் 1994 முதல் அணுமின் நிலையங்கள் இயங்குகின்றன; அவற்றின் மின்சாரத்தில் ஒரு பகுதி ஹாங்காங்குக்குப் போகிறது. மேற்கே யுன்னான் மாகாணத்து நதிகளிலிருந்து நீர்மின்சாரம் வெகுதூரம் கடந்து அந்த மாகாணத்துக்கு வந்து சேருகிறது. ஆனால் எல்லா நகரங்களுக்கும் இந்தப் பாக்கியம் இல்லை. ஷென்ஜென் பஸ்கள் மாறிய அந்த வருஷத்தில், சீனம் முழுவதிலும் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியை எரித்தே பெறப்பட்டது.

ஷென்ஜென் அமைந்துள்ள குவாங்தோங் மாகாணமும் முதல் தவணையிலேயே பட்டம் பெற்றது. அங்கே அதற்கு முன்பே, 2008-இல், ஒரு கோஷம் எழுப்பப்பட்டது. "கூண்டைக் காலி செய்து பறவையை மாற்று" என்பது அது. முத்து நதிக் கழிமுகத்தில் நெருங்கியிருந்த மலிவான, அழுக்கான தொழில்களை மாகாணத்தின் பின்தங்கிய உட்பகுதிகளுக்கு அனுப்பிவிட்டு, அவ்விடத்தில் உயர்ந்த தொழில்களை வைப்பதே அதன் உட்கருத்து. கூண்டு சுத்தமாயிற்று, புதுப் பறவை நன்றாகவும் பாடுகிறது. பழைய பறவை செத்துப் போய்விடவில்லை. வேறொரு கூண்டில், ஏழை ஊரில், அது எச்சமிட்டுக்கொண்டிருக்கிறது. கழிமுகத்து நகரங்களின் 'திறனை' மட்டும் அளப்பவனுக்கு அந்த எச்சம் கண்ணில் படாது.

தலைநகரமாகிய பெய்ஜிங்கில் நடந்தது இன்னும் வெளிப்படையானது. நகரத்தின் மேற்குப் புறத்தில் 1919 முதல் ஷௌகாங் என்ற பெரிய இரும்பு உருக்காலை இருந்துவந்தது. அதை அப்புறப்படுத்துவதென்று 2005-இல் முடிவு செய்து, 2010-ஆம் வருஷக் கடைசியோடு அங்கே உலைகளை அணைத்துவிட்டார்கள். பல்லாயிரம் தொழிலாளர்களின் வாழ்க்கை புரண்டது. ஆலை சுமார் 200 கிலோமீட்டருக்கு அப்பால், ஹெபெய் மாகாணத்துத் தாங்ஷான் நகரத்தைச் சேர்ந்த சாவோஃபெய்தியான் என்ற கடலோரத்தில் புதிதாக எழுந்தது. பழைய இடத்தில் இன்று பூங்காவும் காரியாலயங்களும் இருக்கின்றன. 2022-ஆம் வருஷத்துக் குளிர்கால ஒலிம்பிக் பந்தயத்தில், குளிரூட்டும் கோபுரங்களின் நிழலில் பனிச்சறுக்கு வீரர்கள் பாய்ந்ததை உலகம் பார்த்தது. 2017-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் பெய்ஜிங்கின் கடைசிப் பெரிய நிலக்கரி மின்நிலையமும் மூடப்பட்டது. நகரத்துக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதி வெளி மாகாணங்களிலிருந்து வருகிறது. அங்கே நிலக்கரி எரிகிறது.

இதனால் பெய்ஜிங்வாசிகளுக்கு நன்மை விளையவில்லை என்று சொல்வோமானால் அது பொய்யாகும். அந்நகரத்துக் காற்றில் நுண்ணிய தூசி 2013-இல் ஒரு கன மீட்டருக்குச் சராசரி 89.5 மைக்ரோகிராம் இருந்தது. 2021-இல் 33 மைக்ரோகிராமாக இறங்கியது. எட்டு வருஷங்களில் இவ்வளவு பெரிய நகரம் இவ்வளவு தூசியைக் குறைத்தது சாமானியமல்ல. உலகச் சுகாதார ஸ்தாபனம் விரும்பும் 5 மைக்ரோகிராமுக்கு அது இன்னும் வெகு தூரத்தில்தான் இருக்கிறது. ஆயினும் பிள்ளைகளின் மார்ச்சளி அறிந்த தாய்மார் இந்த வித்தியாசத்தை அற்பமென்று சொல்லமாட்டார்கள். புதிய ஷௌகாங் ஆலையும் பழையதைவிடச் சீரானது. நாம் கேட்பதெல்லாம் வேறு. பெய்ஜிங் தன் கணக்கில் கழித்துக்கொண்டதைத் தாங்ஷான் தன் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்ததல்லவா? 2013, 2014, 2015 மூன்று வருஷங்களிலும் சீனத்தின் மிகக் கெட்ட காற்றுள்ள பத்து நகரங்களின் ஜாபிதாவில் தாங்ஷான் இடம் பெற்றிருந்தது. 2021-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில் அங்குள்ள நான்கு உருக்காலைகள் மாசுக் கட்டுப்பாட்டுக் குறிப்புகளைப் பொய்யாக எழுதி வைத்திருந்ததையும் சர்க்கார் பரிசோதகர்கள் கண்டுபிடித்தார்கள். அளவுகோல் எவ்வளவு நுட்பமானதாயினும், அளப்பதற்குக் கொடுக்கும் எண்ணே பொய்யானால் என்ன செய்வது?

இனி பாவோடிங் நகரத்துக்கு வருவோம். பெய்ஜிங்குக்குத் தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டரில் உள்ளது இந்நகரம். முதல் தவணையில் பட்டம் பெற்ற எட்டு நகரங்களுள் ஒன்று. சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் பலகைகளைச் செய்யும் தொழிற்சாலைகளும், காற்றாடி யந்திரத் தொழிற்சாலைகளும் அங்கே மலிந்திருந்தன. 'மின்சாரப் பள்ளத்தாக்கு' என்றே தன்னை விளம்பரப்படுத்திக்கொண்டது. அந்த ஊர்க் கம்பெனியொன்று 2010-ஆம் வருஷத்து உலகக் கால்பந்துப் போட்டிக்கே பண உதவி செய்து, மைதானத்தைச் சுற்றிலும் தன் பெயரை எழுதி வைத்தது. உலகத்துக்குச் சுத்தமான மின்சாரக் கருவிகளைச் செய்து அனுப்பிய அந்தப் பாவோடிங்தான், சீன சர்க்கார் கணக்கெடுத்த 74 நகரங்களில் 2014, 2015 ஆகிய இரு வருஷங்களிலும் மிகக் கெட்ட காற்றுள்ள நகரம் என்று கடைசி ஸ்தானம் பெற்றது. பலகைகள் அயல்தேசங்களுக்குக் கப்பலேறின. ஊராரோ குளிர்காலத்தில் நிலக்கரி அடுப்பை மூட்டிக் குளிர்காய்ந்தார்கள். சுற்றியிருந்த ஹெபெய் மாகாணம் இரும்பையும் சிமெண்டையும் கண்ணாடியையும் உருக்கிக்கொண்டிருந்தது.

இந்த அவமானத்தைத் துடைக்க வேண்டுமென்று அதிகாரிகளுக்கு ரோஷம் பிறந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ரோஷம் பிறந்தபோது அவசரமும் கூடவே பிறந்தது. 2017-ஆம் வருஷத்தில் வடசீனத்துக் கிராமங்களில் லட்சக்கணக்கான வீடுகளின் நிலக்கரி அடுப்புகளை அகற்றி, எரிவாயுவும் மின்சாரமும் புகுத்தும் வேலை வெகு வேகமாக நடந்தது. அடுப்பு போயிற்று, பல இடங்களில் எரிவாயு வந்து சேரவில்லை. குளிர் மட்டும் தவணை தவறாமல் வந்தது. பாவோடிங் ஆட்சிக்குட்பட்ட சூயாங் வட்டத்தில், பள்ளிக்கூட அறைகள் விறைத்துக் கிடந்தமையால், சிறு பிள்ளைகள் மைதானத்தில் வெயில் படும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து பாடம் படித்தார்கள். சீனப் பத்திரிகைகளே இதைப் படத்தோடு வெளியிட்டன. டிஸம்பர் மாதத் தொடக்கத்தில் சுற்றுச்சூழல் மந்திரி காரியாலயம் அவசரக் கடிதம் அனுப்பி, மாற்று ஏற்பாடு முடியாத இடங்களில் நிலக்கரியையே எரிக்கலாம் என்று இறங்கி வர நேர்ந்தது. அந்தக் குளிர்காலத்தில் பெய்ஜிங் வட்டாரத்துக் காற்று முந்திய வருஷங்களைவிட நன்றாகத் தெளிந்திருந்தது என்பதும் உண்மை. நகரத்தின் திறனை அளக்கும் அட்டவணையில் அந்தத் தெளிவு ஏறியிருக்கும். பிள்ளைகள் நடுங்கியது ஏறுவதற்கு அட்டவணையில் பத்தி இல்லை.

கணக்கிலுள்ள இன்னொரு சூட்சுமத்தையும் நம் அரசியல் நண்பர்கள் அறிந்திருக்க வேண்டும். சீனம் 2009-ஆம் வருஷத்தில் உலகத்துக்குக் கொடுத்த வாக்கு, மொத்தக் கரியமில வாயுவைக் குறைப்பதாக அல்ல. உற்பத்தியின் மதிப்புக்கு இவ்வளவு என்ற விகிதத்தை 2005-இல் இருந்ததைவிட 40 முதல் 45 சதவிகிதம் 2020-க்குள் குறைப்பதாக. அந்த வாக்கை அது தவணைக்கு முன்பே நிறைவேற்றிவிட்டது. 2017-இலேயே 46 சதவிகிதம் குறைந்துவிட்டதாக அறிவித்தது. ஆனால் மொத்தமோ, 2005-இல் சுமார் 600 கோடி டன்னாக இருந்தது, 2020-இல் 1,000 கோடி டன்னைத் தாண்டிற்று. இதில் மாயம் ஒன்றும் இல்லை. 100 ரூபாய்ச் சரக்குக்கு 10 மூட்டைக் கரி எரித்தவன், 300 ரூபாய்ச் சரக்குக்கு 18 மூட்டை எரிக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 10 மூட்டை 6 மூட்டையாகிவிட்டது, அவன் சிக்கனக்காரன். எரித்த கரி 10-லிருந்து 18 ஆகிவிட்டது; அண்டை வீட்டுக்காரனின் மூச்சு அதை அறியும்.

இந்தியாவும் 2022-ஆம் வருஷத்தில் இதே விகிதக் கணக்கிலேயே, 2030-க்குள் 45 சதவிகிதம் குறைப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறது. தலைக்குச் சுமார் 2 டன் மட்டும் வெளியிடும் நம் தேசம், 8 டன் வெளியிடும் சீனத்தையும், அதனினும் அதிகம் வெளியிடும் அமெரிக்காவையும் பார்த்து, "எங்களுக்கு இன்னும் வளர இடம் உண்டு" என்று வாதிப்பது முற்றும் நியாயம். தேசத்துக்குப் பொருந்தும் அந்த நியாயத்தை ஒவ்வொரு நகரமும் தன் புகையை அண்டை ஊருக்குத் தள்ளுவதற்குச் சாக்காக்கிக்கொள்ள முடியாது என்பதே நம் அபிப்பிராயம்.

இதை நாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறோம் என்றால், இந்தப் பாதையில் நம் ஊரும் அடியெடுத்து வைத்துவிட்டது. சென்னை மாநகராட்சி 2023-இல் ஒரு காலநிலைச் செயல்திட்டத்தை வெளியிட்டு, 2050-ஆம் வருஷத்தை எல்லையாகக் குறித்திருக்கிறது. 2025-ஆம் வருஷம் ஜூன் மாதக் கடைசியில் 120 மின்சார பஸ்கள் நகரத் தெருக்களில் இறங்கின. தாழ்ந்த தளமுள்ள அந்தப் பஸ்ஸில் முதியவர்கள் சிரமமின்றி ஏறுவதைப் பார்த்து மகிழாதவர் யார்? நாமும் மகிழ்கிறோம். ஆனால் நம் தேசத்து மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வருகிறது. நகர எல்லையை ஒட்டி, வடக்கே, 1,830 மெகாவாட் சக்தியுள்ள வடசென்னை அனல்மின் நிலையம் இருக்கிறது. 2024-இல் தொடங்கிவைக்கப்பட்ட அதன் 800 மெகாவாட் புதிய பகுதி இருக்கிறது. வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் இருக்கிறது. சாம்பலைக் கொண்டு செல்லும் குழாய்கள் பலமுறை கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் சாம்பல் படிந்ததையும், ஆறு மேடிட்டு இறாலும் மீனும் அருகியதையும் அங்குள்ள செம்படவர்கள் வருஷக்கணக்காக முறையிட்டு வருகிறார்கள். மவுண்ட் ரோடில் பஸ் புகையின்றி ஓடும். அதற்குரிய சாம்பல் அத்திப்பட்டில் சேரும்.

சட்டமும் இப்போது இந்தப் போக்குக்கு அனுசரணையாகத் திரும்பியிருப்பதுதான் நமக்குக் கவலையளிக்கிறது. அனல்மின் நிலையங்கள் தங்கள் புகையிலுள்ள கந்தக வாயுவைக் கழுவி நீக்கும் யந்திரங்களை வைக்க வேண்டும் என்று 2015-இல் மத்திய சர்க்கார் விதித்தது. தவணை மேல் தவணை கொடுத்து வந்து, 2025-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அவ்விதியைப் பெரிதும் தளர்த்திவிட்டது. தில்லித் தலைநகர வட்டாரத்துக்கோ, 10 லட்சம் ஜனத்தொகையுள்ள நகரத்துக்கோ 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலையங்களுக்கே அந்த யந்திரம் கட்டாயம். மாசு மிகுந்ததென்று குறிக்கப்பட்ட சில இடங்களின் நிலையங்களைத் தனித்தனியே ஆலோசிப்பார்கள். மற்றவை, புகைபோக்கி போதிய உயரமுடையதாயிருந்தால், விட்டுவிடப்படும். தேசத்திலுள்ள நிலையங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்தக் கடைசி வகுப்பில் அடங்கும். நம் நாட்டு நிலக்கரியில் கந்தகம் குறைவு என்று சர்க்கார் தரப்பில் சமாதானம் சொல்லப்படுகிறது. குறைவுதான். ஆனால் குறைந்த கந்தகமுள்ள நிலக்கரியை அதிகமாக எரித்தால் வெளிவரும் கந்தகம் குறைவாயிராது. அந்த வாயு 10 கிலோமீட்டர்க் கல்லைக் கண்டு நின்றுவிடுவதுமில்லை. நுண்ணிய தூசியாக மாறி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிரயாணம் செய்கிறது. பெருநகரத்தான் மூச்சுக்கு ஒரு நீதி, குக்கிராமத்தான் மூச்சுக்கு ஒரு நீதி என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதிவிட்டோமா?

சென்னையின் திட்டத்தை நாம் எதிர்க்கவில்லை. பஸ்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் வரட்டும். ஆனால் நகரத்தின் கணக்கு நகர எல்லையோடு நின்றுவிடாமல், அதற்காக எரியும் நிலக்கரியையும், குவியும் சாம்பலையும், அவற்றால் தொழில் கெட்டவர்களையும் சேர்த்து எழுதப்பட வேண்டும். நகரத்தார் உபயோகிக்கும் மின்சாரத்துக்குரிய கரியமில வாயுவை நகரத்தின் பெயரிலேயே எழுதும் முறை உலகில் வழக்கத்துக்கு வந்துவிட்டது. சாம்பலுக்கும் கந்தகத்துக்கும் அப்படி ஒரு பத்தி திறப்பதில் என்ன கஷ்டம்? மாநகராட்சி மன்றத்தில் அங்கம் வகிக்கும் நண்பர்களுக்கு ஒரு யோசனை கூறுவோம். அடுத்த கூட்டத்தில் மின்சார பஸ்களைப் பற்றிய பேச்சு வரும்போது, வடக்கே மாநகர எல்லைக்கு அப்பால் இந்த வருஷம் எத்தனை டன் சாம்பல் கொட்டப்பட்டது, சாம்பல் குழாய் எத்தனை முறை கசிந்தது என்ற இரண்டு கேள்விகளை எழுத்து மூலம் கொடுத்து, பதிலையும் மன்றத்தின் குறிப்பில் ஏற்றும்படி கேட்கட்டும். பதில் கிடைத்தாலும், கிடைக்காவிட்டாலும், அதை இப்பத்திரிகைக்கு அனுப்பினால் வெளியிடச் சித்தமாயிருக்கிறோம்.